முன்சீட்டில் இருபத்திரண்டு கிலோமீட்டர்

சனிக்கிழமை காலை 7.10. வேப்பம்பட்டு.

கிளம்பும்போது வண்டியின் மீட்டர் 48,212 காட்டியது. இமயமலைக்கும் இலங்கைக்கும் போய் வந்தவர்கள் எழுதியதை நான் படித்திருக்கிறேன். நான் போய் வந்தது பூந்தமல்லியை ஒட்டிய கரையான்சாவடிக்கு. பஸ்ஸில் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடுகிற ஊர். அதற்கு ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். இந்தச் சாலையில் ஐந்து வருஷத்தில் நூறு தடவைக்கு மேல் போயிருக்கிறேன், ஆனால் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்து போகிறவளுக்குச் சாலை என்பது முன்னால் இருப்பவரின் முதுகுதான். நான் பார்த்ததெல்லாம் என் வீட்டுக்காரர் சேகரின் சட்டைகள். அன்றைக்குத்தான் முன்சீட்டில் உட்கார்ந்து அவ்வளவு தூரம் போனேன். போன காரணம் அந்த வண்டியை விற்பதற்கு.

சேகர் பட்டாபிராம்காரர். நான் போடிநாயக்கனூர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அவர் மெஷின் ஓட்டினார், நான் ஸ்டோர்ஸில் இருந்தேன். கம்பெனியில் ஷிஃப்டைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான பிறகு, இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் மஸ்கட் போனார். போய் இருபத்திரண்டு மாதம் ஆகிறது. பாக்கி இரண்டு மாதம் என்று நான் காலண்டரில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது, போன வாரம் போன் வந்தது.

"இன்னும் ரெண்டு வருசம் போடச் சொல்றாங்கோ செல்வி. போட்டுடலாம்னு கீறேன். வண்டிய வித்துடு. சும்மா நின்னுகினே துருப்புடிச்சுப் பூடும்."

"சரிங்க" என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? போனை வைத்துவிட்டுப் போய்க் கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்தேன். மடித்ததையே திரும்ப மடித்தேன். வாசலில் வண்டி நிற்கிற வரைக்கும், ஓட்டுகிறவர் வருவார் என்று ஒரு நம்பிக்கை. வண்டியும் போய்விட்டால் அந்தப் பார்க்கிங் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு வருஷம் எப்படி இருப்பேன் என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழுதேன். பிறகு கரையான்சாவடியில் பழைய வண்டி வாங்கி விற்கிற ஒரு கடைக்குப் போன் செய்தேன். கடைக்காரர் அமீர் பாய், ஓட்டிக் காட்டினால் இருபத்திநாலாயிரம் என்றார். வாங்கிக்கொள்ள ஓர் ஆளும் இருக்கிறானாம், சனிக்கிழமை வரச்சொல்கிறேன் என்றார்.

வண்டி நூற்றைம்பது சிசி, கறுப்பு, பன்னிரண்டு வயசு. மூன்றாவது கையாக வாங்கியது. கியர் வண்டி ஓட்ட எனக்குச் சேகர்தான் சொல்லிக்கொடுத்தார், எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் வீடு கட்டாமல் கிடக்கிற மனைகளில். லைசென்ஸும் எடுத்தேன். அவர் போன பிறகு ஞாயிறுதோறும் பத்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து வைப்பேன். ஆறு மாதமாக ஸ்டேஷன் வரைக்கும் ஓட்டிப் போகிறேன், வேலைக்கு அங்கிருந்து ரயில். அதற்குமேல் போனதில்லை.

விற்பதற்காக முந்தின நாள் சாயந்திரம் நானே சில வேலைகள் பார்த்தேன். பழைய பல்துலக்கியால் மண்ணெண்ணெய் தொட்டுச் செயினைத் தேய்த்தேன். அந்தச் செயின் ஆறு மாதமாகவே சலக் சலக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. சத்தம் போடுகிற வண்டிக்கு விலை கிடைக்காது என்று, சென்டர் ஸ்டாண்டு போட்டு, போனில் ஒரு வீடியோவைப் பார்த்துக்கொண்டே பின்சக்கர நட்டைத் தளர்த்திச் செயினை முடுக்கினேன். விரலால் தூக்கினால் அசையவே இல்லை. ஓட்டிப் பார்த்தேன், சத்தம் நின்றுவிட்டது. எனக்கு ஒரே பெருமை.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. சேகர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செயின் பார்ப்பார். அப்போதெல்லாம் "செல்வி, வந்து பின்னாடி குந்து" என்று கூப்பிடுவார். நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாலும் தட்டோடு போய் உட்காருவேன். அவர் கீழே குனிந்து ஸ்பானர் போடுவார், நான் மேலே உட்கார்ந்து காய் நறுக்குவேன். எதிர்வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். வண்டி சாயாமல் இருக்கத்தான் என்னை உட்கார வைக்கிறார் என்று நினைத்திருந்தேன். சென்டர் ஸ்டாண்டு போட்டால் தானே நிற்கிறதே, இந்த மனுஷனுக்கு இதுகூடத் தெரியாதா என்று அன்றைக்கு எனக்கே சிரிப்பு வந்தது.

காலை 7.40. திருநின்றவூர்.

இருநூறு ரூபாய்க்குப் பெட்ரோல், இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. காற்றுக்குப் பத்து ரூபாய். காற்றடித்தவர் என்னைவிட என் உடுப்பைத்தான் அதிகம் பார்த்தார். பார்க்க வேண்டிய உடுப்புதான். தலையில் சேகரின் ஹெல்மெட், ஆடாமல் இருக்க உள்ளே ஒரு கைக்குட்டை. காலில் கம்பெனியில் கொடுத்த சேஃப்டி ஷூ. கையில் நூற்றெண்பது ரூபாய்க் கையுறை. பின்னால் ரெக்ஸின் பைகள் இரண்டு தொங்கின.

இதெல்லாம் ஏலகிரிக்குப் போவதற்காகச் சேர்த்தவை. கல்யாணம் ஆன முதல் மாதத்திலேயே சேகர் சொன்னார், இந்த வண்டியில் ஏலகிரி போக வேண்டும் என்று. போகவர ஐந்நூறு கிலோமீட்டர் வராது. ஆனால் ஏற்பாடு இல்லாமல் கிளம்பக் கூடாது என்பது அவர் கொள்கை. ரெக்ஸின் பைகளை அம்பத்தூரில் சீட் கவர் தைக்கிறவரிடம் அறுநூற்றைம்பது ரூபாய்க்குத் தைத்தார். முட்டிக்கவசம் பழையது, நானூறு. எனக்கு ஹெல்மெட் ஆயிரத்து நூறு. மூட்டை கட்டக் கயிறு வாங்கினால் காசு என்று பழைய சைக்கிள் டியூபைப் பட்டை பட்டையாக நறுக்கி வைத்தார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நான் கேலி செய்வேன். எல்லாம் சேர்ந்த பிறகும் போகவில்லை. ஒரு தடவை டயர் வழுக்கை, ஒரு தடவை என் தங்கை கல்யாணம், ஒரு தடவை புயல். நாங்கள் போன அதிகபட்ச தூரம் பூந்தமல்லி. அங்கே பரோட்டா சாப்பிட்டுவிட்டு, "இத்தத் தாண்டினா பெங்களூர் ரோடுதான் செல்வி" என்று மேற்கே கையை நீட்டிக் காட்டுவார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வருவோம்.

வண்டியோடு சேர்த்து இதையும் கொடுத்துவிடலாம் என்று எல்லாவற்றையும் கொண்டுவந்திருந்தேன். என் ஹெல்மெட்டைப் பின்சீட்டில் டியூப் பட்டையால் கட்டியிருந்தேன். வீட்டில் வைத்துக்கொண்டு தினமும் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

காலை 8.15. பட்டாபிராம்.

முன்சீட்டில் காற்று நேராக முகத்தில் அடிக்கிறது. இத்தனை நாள் அந்தக் காற்றையெல்லாம் சேகர் வாங்கிக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது. லாரிக்குப் பின்னால் போனால் புழுதியும் நமக்குத்தான், பள்ளமும் நமக்குத்தான். ஆனால் சாலை தெரிகிறது. நெமிலிச்சேரி அருகே வெளிவட்டச் சாலை தலைக்குமேல் போவதை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியின் அடியில் நறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானும் வேகத்தடை போட்டவனைத் திட்டிக்கொண்டே போனேன்.

பட்டாபிராமில் சேகரோடு பள்ளிக்கூடத்தில் படித்த டில்லி, வண்டி கழுவும் கடை வைத்திருக்கிறான். கழுவ நூற்றிருபது ரூபாய். என்னைப் பார்த்ததும் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டான்.

"அய்ய, சேகரு வண்டியாச்சே இது! இன்னாக்கா, நீயே ஓட்டிகினு வந்துட்டியா?"

"விக்கப் போறேன் டில்லி. நல்லாப் பளபளன்னு கழுவிக் குடு."

"விக்கவா? அவன் வந்தா இன்னாத்த ஓட்டுவான்?"

"அவரு இன்னும் ரெண்டு வருசம் அங்கதான் இருக்கப் போறாராம்."

டில்லி சோப்பு நுரை போட்டான். சாதாரணமாகக் கால்மணி நேரத்தில் முடிக்கிற வேலையை முக்கால்மணி நேரம் செய்தான். சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்தான். "விக்கிற வண்டியக் கழுவுறது ஒரு மாதிரியாகீதுக்கா" என்றான். கடைசியில் செயினுக்கு எண்ணெய் விட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தான்.

"செயினு நச்சுனு கீதே! யாரு டைட் பண்ணது?"

"நான்தான்."

"சூப்பருக்கா. சேகரு தோத்தான் போ."

கழுவத்தான் தெரியும் அவனுக்கு, மெக்கானிக் இல்லை. அது எனக்கு அப்போது தோன்றவில்லை. பாராட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

காலை 9.30. ஆவடியிலிருந்து தெற்கே.

ஆவடி மார்க்கெட் அருகே நெரிசலில் இரண்டு தடவை வண்டி அணைந்துவிட்டது. பின்னால் ஹார்ன் அடித்த ஆட்டோக்காரரிடம் "இருங்கண்ணே, எனக்கு மட்டும் ஆசையா?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். பூந்தமல்லி சாலையில் திரும்பியதும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தித் தேநீர் குடித்தேன். பதினைந்து ரூபாய். ஏரியைச் சுற்றி நடக்கப் பாதை போட்டிருக்கிறார்கள். தண்ணீர் நிறைய இருந்தது, நாமக்கோழிகள் நீந்தின. எத்தனையோ தடவை இந்த ஏரியைக் கடந்திருக்கிறேன். இடது பக்கம் ஏதோ ஈரக்காற்று வரும், அவ்வளவுதான். "அதோ பாரு ஏரி" என்று சேகர் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்துவார். நான் "உம்" கொட்டிவிட்டு அவர் முதுகில் தலையைச் சாய்த்துக்கொள்வேன். பார்த்திருக்கலாம். அன்றைக்குத் தனியாக நின்று பார்த்தபோது, அதைக் காட்ட ஆளில்லாமல் போனதுதான் தெரிந்தது.

காடுவெட்டியில் கூவத்தைத் தாண்டினேன். நகரத்துக்காரர்கள் இங்கே வந்து பார்க்க வேண்டும், கூவம் இந்த இடத்தில் நாணலும் கொக்குமாக ஓர் ஆறாகவே இருக்கிறது. பாலத்தின் மீது ஓர் இறக்கம். வண்டி இறங்கி அமுங்கியபோது மறுபடி அந்த நறுக். சென்னீர்க்குப்பம் வந்ததும் கடைகள் தொடங்கின. தூரத்தில் மெட்ரோ தூண்கள் வரிசையாகத் தெரிந்தன.

காலை 10.35. கரையான்சாவடி. மீட்டர் 48,234.

அமீர் பாயின் கடைமுன்னால் முப்பது வண்டிகள், ஒவ்வொன்றின் மீதும் சுண்ணாம்பில் வருஷம் எழுதியிருந்தது. பாய்க்கு ஐம்பது வயசு இருக்கும். முதலில் மெக்கானிக்காக இருந்தவர், கை ரேகையெல்லாம் கறுப்பு.

"நீதானா போன்ல பேசுனது? கூட யாரும் வர்லியாமா?"

"வண்டிதான் வந்திருக்கே பாய்."

சிரித்தார். ஸ்டார்ட் செய்து முறுக்கிப் பார்த்தார். "இஞ்சினு சுத்தமா கீது" என்றார். நான் பேப்பர்கள் இருந்த கவரை எடுத்துக் கொடுத்தேன். ஆர்.சி., இன்சூரன்ஸ், விற்பனைப் படிவங்கள். சேகர் மஸ்கட் போவதற்கு முந்தின நாளே, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று படிவங்களில் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். இருபத்திரண்டு மாதமாக அந்தக் கையெழுத்து என் பீரோவில் இருந்தது. கொண்டுவந்த பைகளையும் முட்டிக்கவசத்தையும் என் ஹெல்மெட்டையும் அவிழ்த்துக் காட்டினேன். "இத்தயெல்லாம் வெச்சுகினு நான் இன்னாமா பண்றது?" என்று ஓரமாக வைத்துவிட்டார்.

வாங்க வந்தவர்கள் திருமழிசையில் வாடகைக்கு இருக்கிற ஓர் இளம் ஜோடி. கார்த்திக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலை வேலை. மனைவி ரம்யாவுக்குப் பூந்தமல்லியில் ஒரு துணிக்கடையில் வேலை. இருவரும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ரம்யா சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்தாள். கார்த்தி ஏறினான், அவள் பின்னால் ஏறிக்கொண்டு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். குமணன்சாவடி வரை ஓட்டிவிட்டு வருகிறோம் என்று போனார்கள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தபோது கார்த்தியின் முகம் சரியில்லை.

"பாய், இவள எறக்கி வுட்டு ஒண்டியா போனா ஒண்ணும் தெரியல. இவ குந்துனா கீழ ஙொய்னு ஒரு சத்தம். பள்ளத்துல எறங்குனா புடிச்சு இஸ்க்குது."

பாய் குனிந்து செயினில் விரலை வைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"யாருமா இத்த டைட் பண்ணது?"

"நான்தான். ஏன்?"

"பின்னாடி ஆள குந்த வெச்சியா?"

"எதுக்கு? சென்டர் ஸ்டாண்டு போட்டிருந்தேனே. வண்டி சாயாதே!"

பாய் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "சாயாம புடிக்கவாமா ஆள குந்த வெப்பாங்க? ஸ்டாண்டுல நிக்கசொல்ல பின்வீலு தொங்கும், செயினு லூசா தெரியும். ரெண்டு பேர் குந்துனா வண்டி அமுங்கும், செயினு இஸ்துக்கும். அதுக்குன்னு ரெண்டு வெரலு எடம் வுட்டுத்தான் முடுக்கணும். நீ ஒராளுக்கு முடுக்கி வெச்சிருக்க. இப்டியே ரெண்டு பேர் ஓட்டுனா செயின் அத்துகினு பூடும்."

ஐந்து வருஷம், மாதம் ஒரு ஞாயிறு, அவரைக்காய்த் தட்டோடு அந்தச் சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். வண்டியைத் தாங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு. அவர் கீழே குனிந்து என் ஐம்பத்தெட்டுக் கிலோவுக்கு இடம் விட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஆறு மாதமாக நான் சகிக்காமல் திட்டிய அந்தச் சலக் சலக் சத்தம், நான் பின்னால் இல்லாததால் வந்த சத்தம். அதைத்தான் நேற்றுச் சாயந்திரம் ஸ்பானர் போட்டு நிறுத்தியிருக்கிறேன்.

பாய் ஸ்பானர்களை எடுத்துக்கொண்டு ரம்யாவைக் கூப்பிட்டார். "நீ வந்து குந்துமா. ரெண்டு நிமிசத்துல செட் பண்ணிர்றேன்."

ரம்யா வண்டியை நோக்கி வந்தாள். அவள் கையைச் சீட்டில் வைத்துவிட்டாள்.

"இல்ல, நான் உக்கார்றேன்" என்றேன். நான் அதட்டிய மாதிரி இருந்திருக்க வேண்டும், ரம்யா சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

ஏறி உட்கார்ந்தேன். இருபத்திரண்டு மாதத்துக்குப் பிறகு அந்தப் பின்சீட்டில். கால் தானாகப் போய் மிதியில் நின்றது. வலது கை தானாக முன்னால் போனது, பிடித்துக்கொள்ள. பிடிக்க ஒன்றும் இல்லை. முன்சீட்டு, ஹேண்டில்பார், அதற்கப்பால் கரையான்சாவடி சாலை முழுக்கத் தெரிந்தது. பஸ், ஆட்டோ, மெட்ரோ தூண், இளநீர் வண்டி, எல்லாம். ஐந்து வருஷமாக மறைத்துக்கொண்டிருந்த முதுகு இல்லை. எனக்குச் சாலை வேண்டாம், அந்த முதுகுதான் வேண்டும் என்று இருந்தது. எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். பாய் கீழே குனிந்திருந்ததால் முதலில் கவனிக்கவில்லை. "அசையாதமா" என்று அதட்டினார். பிறகு நிமிர்ந்து பார்த்துவிட்டு ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"நான் விக்கலை பாய்" என்றேன்.

பாய்க்குக் கோபம் வந்தது, வராமல் என்ன செய்யும். "காலேலேர்ந்து பார்ட்டிய நிக்க வெச்சுகினு இப்போ இல்லேன்னா இன்னாமா அர்த்தம்?" கார்த்திக்கு அதைவிடக் கோபம். "முன்னாடியே சொல்லிருக்கலாம்ல. நான் பெர்மிஷன் போட்டுட்டு வந்தேன்." அவன் சொன்னது நியாயம். மன்னிப்புக் கேட்டேன். ரம்யாதான் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "வுடுப்பா. அதான் அந்தக்கா அழுவுதில்ல. வேற வண்டி பாப்போம் வா." பாய் அவர்களுக்கு ஒரு நீல வண்டியைக் காட்டினார். அது இதைவிட இரண்டாயிரம் அதிகம். கார்த்தி அதைச் சொல்லாமல் சொல்லுகிற மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்கு இன்னும் உறுத்துகிறது.

செயின் வேலையைப் பாய் பாதியில் விடவில்லை. முடித்துவிட்டு நூறு ரூபாய் கேட்டு வாங்கிக்கொண்டார். கையெழுத்துப் போட்ட படிவங்களைத் திருப்பிக் கொடுத்தார். நான் பைகளையும் ஹெல்மெட்டையும் மறுபடி மாட்டும்போது அருகில் வந்து சொன்னார்.

"ஒண்டியா ஓட்டசொல்ல சலக்கு சலக்குனு கேக்கும். கேட்டுட்டு மறுபடி முடுக்கிறாத. ரெண்டு பேர் குந்துனா தானா நின்னுடும்."

பகல் 12.20. பூந்தமல்லிக்கு மேற்கே. மீட்டர் 48,239.

வீட்டுக்குத் திரும்ப வடக்கே போக வேண்டியவள், மேற்கே போனேன். எப்போதும் திரும்புகிற பரோட்டாக் கடையைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, நெடுஞ்சாலை தொடங்குகிற இடத்துக்கு. பச்சைப் பலகையில் வேலூர், பெங்களூரு என்று எழுதியிருந்தது. சேகர் கையை நீட்டிக் காட்டுவாரே தவிர, இந்தப் பலகையை நாங்கள் சேர்ந்து பார்த்ததில்லை. ஒரு வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி அவருக்குப் போன் செய்தேன். அந்த வாரம் அவருக்கு இரவு ஷிஃப்ட், பகலில் அறையில்தான் இருப்பார்.

"இன்னா செல்வி, முடிஞ்சிதா?"

"விக்கலைங்க."

"ஏன், கம்மியா கேட்டானா?"

"காசெல்லாம் சரியாத்தான் சொன்னாங்க. என்னை எதுக்குப் பின்னாடி உக்கார வச்சுச் செயின் முடுக்குவீங்கன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சது. ஒரு நாள்கூட ஏன் சொல்லல?"

சிரித்தார். "சொன்னா, நான் எதுக்கு, அரிசி மூட்டய வெச்சுக்கன்னு சொல்லுவ. அதான்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாகச் சொல்லிவிடலாம் என்று தொடங்கினேன், முடியவில்லை. "ரெண்டு வருசம்னா என்னால முடியாதுங்க. வண்டிக்காகச் சொல்லல. என்னால முடியாது" என்றேன். இதைப் போன வாரமே சொல்லியிருக்க வேண்டும்.

லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"செல்வி."

"ம்."

"பின்டயரு எப்டி கீது?"

குனிந்து பார்த்தேன். "வழுக்கையாத்தான் இருக்கு."

"ஏலகிரிக்குத் தாங்குமா?"

"தாங்காது. புதுசுதான் போடணும். ரெண்டாயிரத்து ஐந்நூறு சொல்றாங்க."

"நீ எதுவும் போடாத" என்றார். "வந்து நான் போட்டுக்கறேன். ரெண்டு மாசம் மெதுவா ஓட்டு."

பிற்பகல் 2.05. வேப்பம்பட்டு. மீட்டர் 48,264.

திரும்பி வந்த வழியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதே கூவம், அதே ஏரி, அதே ஆவடி நெரிசல், வெயில் மட்டும் கூடியிருந்தது. டில்லி கடைமுன்னால் நின்று கையை ஆட்டினான், நானும் ஆட்டினேன். வழிநெடுகச் செயின் சலக் சலக்கென்று அடித்துக்கொண்டே வந்தது. எங்கள் பார்க்கிங் கட்டத்தில் வண்டியை ஏற்றிச் சென்டர் ஸ்டாண்டு போட்டேன். செயினுக்கடியில் விரலை வைத்துத் தூக்கிப் பார்த்தேன், இரண்டு விரல் சரியாக இருந்தது. பின்சீட்டிலிருந்து என் ஹெல்மெட்டை அவிழ்த்து எடுத்துக்கொண்டு, முந்தின நாள் முடுக்கிய ஸ்பானரைச் சீட்டுக்கு அடியில் போட்டுப் பூட்டினேன்.